மெயின் பாடகர் விலகுகிறார்: ஆளை மாற்றும் முன் பாட்டு லிஸ்ட்டைப் பாருங்கள்

கேள்வி: கும்பகோணம் பக்கத்தில் 27 வருடமாக நடந்துவரும் மெல்லிசைக் குழு எங்களுடையது. நான் கீபோர்டு வாசிக்கிறேன், கணக்கு வழக்கும் என் பொறுப்பு. ஆரம்பத்திலிருந்து மெயினாகப் பாடிவரும் அண்ணனுக்கு 58 வயது. சில மாதமாக மேல் ஸ்தாயியில் குரல் பிசிறடிக்கிறது. வரும் பங்குனி உத்திரக் கச்சேரியோடு நிறுத்திக்கொள்வதாகச் சொல்லிவிட்டார். சித்திரையிலிருந்து ஆடி வரை பல ஊர்களில் அட்வான்ஸ் வாங்கியிருக்கிறோம். அண்ணன் குரல் மாதிரியே பாடுகிற பையன் ஒருவன் இருப்பதாகச் சொல்கிறார்கள். எங்கள் குழுவில் ரிதம் பேட் (மின்னணுத் தாள வாத்தியம்) வாசிக்கும் தம்பியும் நன்றாகப் பாடுவான். யாரை எடுப்பது? கமிட்டிக்காரர்களிடம் இப்போதே சொல்வதா, மேடையில் பார்த்துக்கொள்வதா? குழுவின் பெயர் அண்ணன் வைத்தது, யூடியூப் சானல் அவர் மகன் கையில் இருக்கிறது. இதையெல்லாம் எப்படிப் பேசி முடிப்பது?

பதில்: ஆளைத் தேடுவதற்கு முன்னால் அண்ணனை ஒரு காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். மூன்று வாரத்துக்கு மேல் குரல் கரகரத்தால் குழாய் விட்டுக் குரல்வளையைப் பார்ப்பதுதான் முறை. குரல் நாணில் காய்ப்பு இருக்கலாம். கச்சேரி முடித்து நள்ளிரவில் பரோட்டா சாப்பிட்டு உடனே படுப்பதால் அமிலம் மேலேறித் தொண்டையைப் புண்ணாக்கியிருக்கலாம். இந்த இரண்டும் பெரும்பாலும் சிகிச்சைக்கும் குரல் ஓய்வுக்கும் கட்டுப்படும். வெற்றிலையோடு புகையிலை போடும் பழக்கம் இருந்தால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடக் கூடாது. அவர் நிறுத்துவது உறுதி என்றாலும் இது அவர் உடம்புக்காகச் செய்ய வேண்டியது. குணமானால் சுருதி இறக்கி ஐந்தாறு பாட்டுப் பாடும் வாய்ப்பும் மிஞ்சும். அது உங்களுக்கு எவ்வளவு உதவும் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

அடுத்தது, ‘அண்ணன் குரல் மாதிரியே’ பாடும் பையன். அதை ஒரு தகுதியாகவே எண்ணாதீர்கள். மெல்லிசைக் கச்சேரிக்கு வருகிற ஜனத்தின் காதில் ஏற்கெனவே டி.எம்.எஸ். இருக்கிறார், எஸ்.பி.பி. இருக்கிறார், மலேசியா வாசுதேவன் இருக்கிறார். பாட்டை அந்த ரெக்கார்டோடுதான் ஒப்பிட்டுக் கேட்பார்கள். அண்ணனிடம் அவர்கள் கண்டது வேறு: எந்தப் பாட்டுக்கு அடுத்து எதை விடுவது, துண்டுச் சீட்டில் வரும் விருப்பத்தை எப்படிச் சமாளிப்பது, கூட்டம் எழுந்திருக்கும் நேரத்தில் எதைப் பாடி உட்காரவைப்பது. குரலைக் காப்பியடிப்பவனுக்கு இது எதுவும் கூடவே வந்துவிடாது. தன் இயல்பை விட்டு இன்னொருவர் தொண்டையை வைத்துப் பாடுகிறவனுக்கு ஒன்றரை மணி நேரத்தில் கழுத்து நரம்பு புடைக்கும், மூன்றாவது கச்சேரியில் குரல் கட்டும்.

பெரிய ராக் குழுக்கள் பாடகரை மாற்றி வாழ்ந்தும் இருக்கின்றன, அடியும் பட்டிருக்கின்றன. ஏசி/டிசி குழுவின் பாடகர் பான் ஸ்காட் 1980 பிப்ரவரி 19-ல் இறந்தார். பிரையன் ஜான்சனைச் சேர்த்துக்கொண்டு அதே ஜூலையில் அடுத்த ஆல்பத்தை வெளியிட்டார்கள், கறுப்பு அட்டை போட்டு, போனவருக்கு மரியாதை செய்து. ஜான்சன் ஸ்காட்டைப் போலப் பாட முயலவில்லை, தன் கரகரப்பிலேயே பாடினார். அயர்ன் மெய்டனில் புரூஸ் டிக்கின்சன் விலகியபின் 1994-ல் பிளேஸ் பெய்லி வந்தார். அவருடைய குரல் தாழ்ந்த குரல். டிக்கின்சனின் உச்சக் குரலுக்கு அமைந்த பழைய பாட்டுகளைச் சுருதி இறக்காமல் அவரைப் பாடவைத்தார்கள். மேடையில் அவர் திணறினார், 1999-ல் டிக்கின்சனே திரும்பி வந்தார். பழியெல்லாம் பெய்லி மேல் விழுந்தது. சுருதியை இறக்க வேண்டியது குழுவின் வேலை, அதை அவர்கள் செய்யவில்லை.

உங்கள் குழு செய்ய வேண்டியதும் அதுதான். புதியவர் யாராக இருந்தாலும் அவர் குரல் நிற்கும் இடத்துக்குப் பாட்டுகளைக் கொண்டுபோக வேண்டும். கீபோர்டில் சுருதியை ஏற்றி இறக்கும் டிரான்ஸ்போஸ் பட்டனை அழுத்தினால் முடிந்தது என்று நினைத்துவிடாதீர்கள். பட்டன் உங்கள் கையில் மட்டும்தான் இருக்கிறது, மேடையில் மற்ற ஏழெட்டுப் பேர் இருக்கிறார்கள்.

மூன்று மணி நேரக் கச்சேரிக்கு முப்பது பாட்டு என்று வைத்துக்கொள்வோம். ஒரு நோட்டில் பாட்டுக்கு ஒரு வரி ஒதுக்கி, இப்போது வாசிக்கும் ஸ்கேல் (சுருதி), ஆண் குரல் தொடும் உச்ச ஸ்வரம், அடி ஸ்வரம், டூயட் என்றால் பெண் குரலின் உச்சமும் அடியும் எழுதுங்கள். அப்புறம் புதியவரை உட்காரவைத்து அவருடைய எல்லையைக் குறியுங்கள். வந்த உடனே ஒருமுறை, ஒன்றரை மணி நேரம் பாடிய பிறகு ஒருமுறை. இரண்டாவது தடவை எந்த ஸ்வரத்தில் குரல் அசையாமல் நிற்கிறதோ, அதுதான் கணக்கு. முதல் தடவை எட்டியதை நம்பி லிஸ்ட் போட்டால் இரவு ஒன்பதரைக்கு மாட்டிக்கொள்வீர்கள்.

ஓர் உதாரணம். ஈ மைனரில், அதாவது மூன்று கட்டையில், ஒரு டூயட். சரணத்தில் ஆண் குரல் தார ஸ்தாயி (மேல் ஸ்தாயி) மத்திமம் தொடுகிறது, அது ஏ. புதியவருக்கு ஜி வரைதான் திடமாக நிற்கிறது. எனவே இரண்டு அரை ஸ்வரம், அதாவது ஒரு முழு ஸ்வரம், இறக்கி டி மைனருக்கு, இரண்டு கட்டைக்கு வருகிறீர்கள். ஆணுக்குச் சரியாகிவிட்டது. பெண் குரல் பல்லவி முடிவில் மந்தர (கீழ் ஸ்தாயி) பஞ்சமத்துக்கு இறங்குகிற பாட்டு அது. முன்பு பி-யில் நின்றது இப்போது ஏ-க்குப் போய்விட்டது. சினிமாப் பாட்டுக்கே பழகிய பெண் குரல்கள் பெரும்பாலும் அங்கே பலம் இழக்கும். வார்த்தை மைக்கில் ஏறாது, மைக் செட்காரர் ஒலியைக் கூட்டுவார், மானிட்டர் (பாடகரைப் பார்த்து வைக்கும் மேடை ஸ்பீக்கர்) கூவும். ஆண் பாடகரை மாற்றிய குழுக்களில் முதல் மாதத்தில் பாடகிதான் சரியில்லை என்று பேச்சு வருவது இதனால்தான். அவர் எந்தத் தப்பும் செய்திருக்க மாட்டார்.

இந்தப் பாட்டை இரண்டரை கட்டையில், ஈ ஃபிளாட் மைனரில் வைத்துப் பாருங்கள். இருவரும் அரை ஸ்வரம் விட்டுக்கொடுத்தால் பல டூயட் நின்றுவிடும். அதற்கும் ஒத்துவராத பாட்டை லிஸ்ட்டிலிருந்து எடுத்துவிடுங்கள். பத்து டூயட்டில் இரண்டு மூன்று கட்டாயம் போகும், போகட்டும். நூறு கச்சேரியில் கைதட்டு வாங்கிய பாட்டு என்பதற்காக அதைப் பிடித்துக்கொண்டிருந்தால் புதியவரைத்தான் அது சாப்பிடும்.

இனி வாத்தியக்காரர்கள். ஈ மைனர் டி மைனராகும்போது முதலில் அடிவாங்குவது பேஸ் கிட்டார். நான்கு தந்தி பேஸில் கடைசித் தந்தியே ஈ தான், அதற்குக் கீழே டி கிடையாது. வாசிப்பவர் ஒரு ஸ்தாயி மேலே ஏறி ஏ தந்தியின் ஐந்தாவது கட்டத்தில் டி-யைப் பிடிப்பார். பாட்டின் அடிவயிறு காணாமல் போகும். ஐந்து தந்தி பேஸ் இருந்தால் பிரச்சினை இல்லை. இல்லாவிட்டால் ஈ தந்தியை டி-க்குத் தளர்த்த வேண்டும். அப்படித் தளர்த்தும் பாட்டுகளை லிஸ்ட்டில் ஒன்றாகச் சேர்த்து வையுங்கள், பாட்டுக்குப் பாட்டு டியூன் செய்ய நேரம் இருக்காது. கிட்டாரில் தந்திகளை அழுத்திப் பிடிக்கும் கேப்போ என்ற கிளிப் சுருதியை ஏற்றத்தான் உதவும், இறக்க உதவாது. ஈ ஃபிளாட் மைனருக்கு முதல் கட்டத்தில் கேப்போ போட்டு டி மைனர் பிடியில் வாசிக்கலாம். தபேலாவில் வலந்தலையை ஒரு ஸ்வரத்துக்கு மேல் இறக்கினால் நாதம் செத்துவிடும், இன்னொன்று வேண்டும். ரிதம் பேடில் சுருதியுள்ள தபேலா டோன் போட்டிருந்தால் அதன் பிட்சையும் பாட்டுக்குப் பாட்டு இறக்கிச் சேமிக்க வேண்டும், இதைத்தான் எல்லாரும் மறக்கிறார்கள். புல்லாங்குழல்காரர் வேறு குழல் எடுக்க வேண்டும். லேப்டாப்பில் டிராக் ஓட விடுகிறீர்கள் என்றால் இரண்டு அரை ஸ்வரம் வரை சுருதியை இறக்கலாம். அதற்கு மேல் கோரஸ் குரல்கள் மனிதக் குரலாக இருக்காது.

நாயனமும் தவிலும் மேடையேறும் பாட்டு ஒன்றிரண்டு உங்கள் லிஸ்ட்டில் நிச்சயம் இருக்கும். நரசிங்கம்பேட்டையில் கடைந்த நாயனம் இரண்டு, இரண்டரை கட்டையில் நிற்கும். அதை நீங்கள் பட்டன் வைத்து நகர்த்த முடியாது. அந்தப் பாட்டை மட்டும் அந்தக் கட்டையில் யார் குரல் ஒத்துவருமோ அவருக்குக் கொடுங்கள். நம் ஊர்களில் கடைசி வரிசையில் துண்டை விரித்து உட்கார்ந்திருப்பவர்கூட நாயனம் கேட்டு வளர்ந்தவர், சுருதி கால் பங்கு பிசகினாலும் முகத்தைத் திருப்பிவிடுவார்.

உங்கள் கீபோர்டில் ஒவ்வொரு பாட்டுக்கும் டோன், ரிதம், டிரான்ஸ்போஸ் எண் மூன்றையும் சேர்த்து ரெஜிஸ்ட்ரேஷன் மெமரியில் பதிந்துகொள்ளுங்கள், ஒரே பட்டனில் மூன்றும் வந்துவிடும். முந்தைய பாட்டின் மைனஸ் இரண்டு டிரான்ஸ்போஸ் அப்படியே நின்று, அடுத்த பாட்டின் முகப்பு இசையில் கிட்டாரும் பேஸும் சரியான ஸ்கேலில் நுழையும்போது மேடையே இரண்டாகப் பிளக்கும். பார்ப்பவர்கள் புதுப் பாடகர் சொதப்பிவிட்டார் என்றுதான் சொல்வார்கள். எல்லார் கையிலும் இருக்கும் லிஸ்ட்டில் பாட்டின் பெயருக்கு முன்னால் புது ஸ்கேலைச் சிவப்பு மையில் எழுதுங்கள், பழைய ஸ்கேலை அடித்துவிடுங்கள்.

ஆள் தேர்வுக்கு வருவோம். வாட்ஸப்பில் வரும் பதிவை வைத்து முடிவெடுக்காதீர்கள். கரோக்கி ஆப் போடும் எக்கோவில் யார் பாடினாலும் இனிக்கும். திருவையாறு அரசு இசைக் கல்லூரியில் படித்தவர்கள், சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழக இசைத் துறையில் படித்தவர்கள், மாவட்ட இசைப்பள்ளிப் பிள்ளைகள், தஞ்சாவூர் நாகப்பட்டினம் தேவாலயப் பாடகர் குழுக்களில் பாடுகிறவர்கள் என நான்கு பக்கமும் சொல்லிவையுங்கள். கர்நாடக சங்கீதம் படித்தவருக்குச் சுருதி பிசகாது. சினிமாப் பாட்டில் கமகத்தை அளவுக்கு மேல் போடும் பழக்கம் இருக்கும், ஒரு மாதத்தில் திருத்திவிடலாம். தாளம் தவறுகிறவரைத் திருத்துவது கடினம்.

சோதனைக்கு ஒரு கீபோர்டு, ஒரு தபேலா, எக்கோ இல்லாத ஒரு மைக் போதும். உச்சத்தில் ஒரு பக்திப் பாட்டு, அடியில் நிற்கும் மெதுவான மெலடி ஒன்று, குத்துப் பாட்டு ஒன்று, உங்கள் பாடகியோடு ஒரு டூயட், ஒரு மணி நேரம் முன்பு கையில் கொடுத்த தெரியாத பாட்டு ஒன்று. ஒரு பாட்டில் வேண்டுமென்றே இடையிசையை நான்கு தாளம் குறைத்து வாசியுங்கள். ரெக்கார்டு மனப்பாடத்தில் பாடுகிறவர் தடுமாறி நிற்பார், காதால் கேட்டுப் பாடுகிறவர் சரியான இடத்தில் சேர்ந்துகொள்வார். மேடைக்கு வேண்டியவர் இரண்டாமவர். ழகரம், ளகரம் சுத்தமாக வருகிறதா பாருங்கள். மைக்கின் தலையைக் கையால் பொத்திப் பிடிக்கும் பழக்கம் இருந்தால் அன்றைக்கே நிறுத்தச் சொல்லுங்கள், மைக்கின் திசைப்பிடிப்பு போய் ஊளையிடுவது அதனால்தான்.

பேட் வாசிக்கும் தம்பியைப் பற்றி. குழுவுக்குள்ளிருந்தே ஆள் எடுப்பது நல்ல வழி, அவனுக்குப் பாட்டும் தெரியும், உங்கள் சைகையும் தெரியும். ஜெனசிஸ் குழுவில் 1975-ல் பீட்டர் கேப்ரியல் விலகியபின் வெளியாள் பலரைப் பாடவைத்துப் பார்த்துவிட்டு, கடைசியில் டிரம்ஸ் வாசித்த ஃபில் காலின்ஸையே பாடகராக்கினார்கள். ஆனால் மேடைக் கச்சேரிகளுக்கு வேறு டிரம்ஸ்காரரை வைத்துக்கொண்டார்கள். தம்பி பாட முன்னால் வந்தால் பேடுக்கு ஆள் வேண்டும், பேடுக்குள் இருக்கும் டோன் எல்லாம் அவன் அமைத்தது. ஆகவே அண்ணன் குரலில் பாடும் அந்தப் பையனைத் தள்ளிவிடாமல் இருவரையும் ஒரே சோதனையில் பாடவையுங்கள். என் எண்ணத்தில், தம்பிக்குக் குத்துப் பாட்டும் புதுப் பாட்டுமாக ஐந்தாறு கொடுத்து, மெலடியையும் பழைய பாட்டையும் வெளியிலிருந்து வருகிறவருக்குக் கொடுப்பது நல்லது. ஒரே தொண்டையில் இருபது பாட்டை ஏற்றித்தான் அண்ணன் இந்த நிலைக்கு வந்திருக்கிறார்.

கச்சேரி தொடக்கத்தையும் மாற்றுங்கள். நம் பக்கத்தில் சீர்காழி கோவிந்தராஜன் பாடிய பிள்ளையார் பாட்டோ அம்மன் பாட்டோ இல்லாமல் கச்சேரி தொடங்காது. அவருடைய உச்சக் குரலை, குரல் சூடாகாத முதல் ஐந்து நிமிடத்தில் புதியவர் எட்டிப் பிடிக்கப் போனால் அன்றைய இரவு அங்கேயே போச்சு. முதல் பாட்டை ஒன்றரை ஸ்வரம் வரை இறக்குங்கள், அல்லது கோரஸாக நால்வர் பாடுங்கள். நாகூர் பக்கம் போனால் ஹனீபா பாட்டுக் கேட்பார்கள், அதுவும் முழுத் தொண்டையில் பாட வேண்டியது. அதை நடுவில், எட்டரை மணிக்கு மேல் வையுங்கள். இரவு பத்து மணிக்கு மேல் ஒலிபெருக்கிக்கு ஒலி மாசு விதிகளின்படி தடை. சிறப்பு அனுமதி இல்லாத ஊரில் பத்துக்கு நிறுத்தித்தான் ஆக வேண்டும். புதியவரின் மிகச் சிறந்த நான்கு பாட்டும் ஒன்பதரைக்குள் முடிந்திருக்கட்டும்.

மைக் செட்காரரிடமும் ஒரு வார்த்தை. அண்ணனுக்கு வைத்த ஈக்யூ (அடி, உச்ச ஒலிகளின் அளவு) அப்படியே மிக்சரில் இருக்கும். அதை அழித்துவிட்டுப் புதிதாக வைக்கச் சொல்லுங்கள். புதியவருக்குத் தனி மானிட்டர் கொடுங்கள், அதில் அவர் குரலும் கீபோர்டும் மட்டும் வரட்டும். தன் குரல் கேட்காதவர் கத்துவார். ஷூர் எஸ்.எம்.58 மைக் என்றால் மானிட்டர் மைக்கின் வால் பக்கத்துக்கு நேராக, பாடகருக்கு எதிரே இருக்கலாம். பீட்டா 58ஏ என்றால் நேரெதிரே வைக்கக் கூடாது, சற்று வலமோ இடமோ ஒதுக்க வேண்டும். தெரு நெடுகக் கம்பத்தில் குழாய் ஒலிபெருக்கி கட்டும் ஊர்களில் அடிக்குரல் குழாயில் வராது, மெல்லிய குரல் கீச்சென்று கேட்கும். அங்கே மூவாயிரம் ஹெர்ட்ஸ் பக்கம் கொஞ்சம் குறைக்கச் சொல்லுங்கள்.

ஒத்திகையில் ஒரு நாளைக்கு நான்கு பாட்டுக்கு மேல் ஸ்கேல் மாற்றாதீர்கள். இருபது பாட்டுக்கு ஐந்து நாள். அதன் பிறகு முழு லிஸ்ட்டையும் நிறுத்தாமல் இரண்டு முறை. ஒத்திகைக்கும் புதியவருக்குச் சாப்பாடும் பஸ் காசும் ஒரு தொகையும் கொடுங்கள். வேறு குழுவில் பாடக் கூடாது என்று கட்டுப்படுத்த விரும்பினால், மாதத்துக்கு இத்தனை கச்சேரி என்று நீங்களும் உறுதி தர வேண்டும்.

பங்குனி உத்திரத்துக்கு முன்னால் வரும் மாசி, பங்குனிக் கச்சேரிகளில் புதியவர் அண்ணனோடு மேடையில் நிற்கட்டும். முதலில் நான்கு பாட்டு, அடுத்ததில் எட்டு, உத்திரத்தன்று பாதி. அண்ணன் தன் வாயால், தன் மைக்கில், “இனிமே இந்தத் தம்பி பாடுவார்” என்று சொல்வதற்கு ஈடாக எந்த ஃபிளெக்ஸும் இல்லை. அண்ணன் குணமாக வேண்டும் என்று மேலே சொன்னதன் காரணம் இதுதான். சித்திரைக்குப் பிறகும் அண்ணன்தான் வேண்டும் என்று பிடிவாதமாகக் கேட்கும் ஊர்களுக்கு, இரண்டு மூன்று பாட்டுக்கு அவரைச் சிறப்பு விருந்தினராக அழைத்துப் போகலாம்.

கமிட்டிக்காரர்களிடம் இந்த வாரமே சொல்லுங்கள், நேரில் போய்ச் சொல்லுங்கள். அவர்கள் நோட்டீஸில் அண்ணன் படத்தைப் போட்டு, நன்கொடையும் வசூலித்துவிட்ட பிறகு மேடையில் வேறு ஆள் நின்றால், கோபம் நியாயமானது. புதியவர் முடிவானதும் அவர் பாடிய ஒரு பாட்டின் நேரடிப் பதிவை, எடிட் செய்யாமல், கொண்டுபோய்க் காட்டுங்கள். வேண்டாம் என்பவர்களுக்கு அட்வான்ஸைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். புதிதாக எழுதும் ஒப்பந்தத்தில் தேதி, நேரம், கலைஞர் எண்ணிக்கை, தொகையோடு மெயின் பாடகர் பெயரையும் எழுதுங்கள். ஃபிரெடி மெர்க்குரி இறந்த பிறகு குயீன் குழு தங்கள் பெயரோடு பால் ரோட்ஜர்ஸ் பெயரையும், பின்னர் ஆடம் லாம்பர்ட் பெயரையும் சேர்த்துப் போட்டே கச்சேரி நடத்தியது. நோட்டீஸில் குழுவின் பெயருக்குக் கீழே பாடகர் பெயரை அதேபோலத் தனி வரியில் போடுங்கள், யார் பாடப்போகிறார் என்பதில் யாருக்கும் குழப்பம் வராது.

குழுப் பெயர் விஷயத்தை அண்ணன் விடைபெறும் மேடைக்கு முன்பே பேசி எழுதிக்கொள்ளுங்கள், பொன்னாடை போர்த்திய பிறகு பேசினால் கசப்புத்தான் மிஞ்சும். பெயரைக் குழு தொடர்ந்து பயன்படுத்தலாம் என்று அவர் எழுதிக் கொடுக்கட்டும். அதற்காக ஒரு தொகையோ, ஒரு வருடத்துக்குக் கச்சேரிக்கு இவ்வளவு என்றோ கொடுங்கள், 27 வருட உழைப்பு அது. அந்தக் கடிதத்தோடு வணிகச் சின்னப் பதிவில், பொழுதுபோக்குச் சேவைகளுக்கான 41-ஆம் வகுப்பில் விண்ணப்பியுங்கள். தனிநபர் ஆன்லைனில் விண்ணப்பித்தால் கட்டணம் 4,500 ரூபாய். யூடியூப் சானலை அவர் மகனிடமிருந்து பிடுங்க வேண்டியதில்லை. யூடியூப் ஸ்டூடியோவின் அமைப்புகளில் பெர்மிஷன்ஸ் பகுதியில் குழுவின் புது ஜிமெயிலை மேனேஜராகச் சேர்க்கச் சொல்லுங்கள். அண்ணன் பாடிய பழைய வீடியோ எதையும் நீக்காதீர்கள், அதில் வரும் வருமானம் யாருக்கு என்பதையும் அதே கடிதத்தில் எழுதிவிடுங்கள். ஆம்ப், மிக்சர், மைக் எது யாருடையது என்ற பட்டியலும் கூடவே இருக்கட்டும்.

சித்திரையில் முதல் மூன்று கச்சேரியையும் மிக்சரிலிருந்து நேராகப் பதிவு செய்யுங்கள். மறுநாள் புதியவரையும் பாடகியையும் உட்காரவைத்து, ஒன்பது மணிக்கு மேல் பாடிய பாட்டுகளை மட்டும் போட்டுக் கேளுங்கள். உச்சத்தில் சுருதி கீழே இறங்குகிற பாட்டை இன்னும் அரை ஸ்வரம் இறக்குங்கள், அல்லது முதல் மணி நேரத்துக்கு நகர்த்துங்கள். வைகாசி பிறக்கும்போது லிஸ்ட் ஒருவாறு நிலைத்துவிடும்.